இயல் 3: எந்த ஊரில், எந்தப் பொழுதில்?

ஒரு வட்டாரத்தின் இசையைப் பதிவுசெய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கணினியில் நான்கு ஃபோல்டர் திறந்துவிடுகிறார்கள்: கர்நாடக இசை, நாட்டுப்புறப் பாடல், பக்தி இசை, சினிமா. அந்த நான்கையும் முதலில் அழித்துவிடுங்கள். அவை சபாக்களும் வானொலி நிலையங்களும் கேசட் கடைகளும் தங்கள் வசதிக்காகப் போட்டுக்கொண்ட பிரிவுகள். ஊரில் இசை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொழுது உண்டு, ஓர் இடம் உண்டு. யார் கூப்பிட்டு யார் பாடினார்கள், யார் கேட்டார்கள், கூலி நெல்லா பணமா என்பதெல்லாம் அந்தப் பாட்டோடு சேர்ந்தவை. எனவே உங்கள் பதிவின் அலகு ஊராக இருக்கட்டும். ஊருக்குள் பொழுதாக இருக்கட்டும்.

இந்த நூல் முழுக்கக் காவிரிப் படுகையையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். அதிலும் கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, சீர்காழி வழியாகச் சிதம்பரம் போகும் ரயில் பாதையை மட்டும் பாருங்கள். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறார்கள். அதற்குப் பக்கத்தில் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை. மாயூரத்தில், அதாவது மயிலாடுதுறையில், முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1878-இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார்; அதே ஊரில்தான் 1910-இல் எம்.கே.தியாகராஜ பாகவதர் பிறந்தார். ஆனந்ததாண்டவபுரம் கோபாலகிருஷ்ண பாரதியார் தங்கிப் பாடிய ஊர். சீர்காழிக்கு வந்தால் திருஞானசம்பந்தரிலிருந்து முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், சீர்காழி கோவிந்தராஜன் வரை ஒரே மண். சிதம்பரத்தில் 1941-இல் தமிழிசை மாநாடு கூடியது. ஏழாம் நூற்றாண்டுப் பதிகமும் இருபதாம் நூற்றாண்டுச் சினிமாப் பாட்டும் ஒரு பாசஞ்சர் வண்டிப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரத்தை எந்த ஃபோல்டரில் போடுவீர்கள்? அதில் கீர்த்தனையும் உண்டு, நொண்டிச் சிந்தும் உண்டு. கதாகாலட்சேபத்தில் பாடினார்கள், பஜனை மடத்தில் பாடினார்கள், நாடகக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. 1942-இல் ‘நந்தனார்’ படமானபோது நடித்துப் பாடியவர் தண்டபாணி தேசிகர். தேவாரம் பாடும் மரபில் வளர்ந்தவர், பிற்பாடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர். ஓதுவார் மரபு, கீர்த்தனை, சிந்து, நாடகம், சினிமா ஐந்தும் ஒருவருடைய குரலில் வந்து கூடியிருக்கின்றன. பிரித்து வைத்தால் இந்தக் கூட்டு தெரியாமல் போய்விடும். கூட்டுத்தான் இந்த வட்டாரத்தின் இசை.

பொழுது அட்டவணை

முதல் வேலை ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் எழுதி, உங்கள் ஊரில் எப்போது எது ஒலிக்கிறது என்று நிரப்புவது. மார்கழி விடியலின் திருப்பள்ளியெழுச்சியும் பஜனையும், ஆடியில் மாரியம்மன் கோயில் உடுக்கையும் தீமிதியும், பிரம்மோற்சவத்தில் பத்து நாள் மேளமும் எளிதாக வந்துவிடும். மேலட்டூர் பாகவத மேளா நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. நாகூர் கந்தூரி ஹிஜ்ரி கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் முன்னே நகரும். அதற்கு மட்டும் தனிக் குறிப்பு வேண்டும்.

கல்யாணம், வளைகாப்பு, சாவு, நடவு, கட்சிக் கூட்டம் என்று தேதி இல்லாத பொழுதுகளைத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். பெண்கள் பாடும் இசையில் பெரும்பகுதி இந்த ஓரத்தில்தான் இருக்கிறது. திருவிழாக்களை மட்டும் சுற்றி வருகிறவருக்கு அது கிடைக்காது.

அட்டவணையை நிரப்பும்போதே காகிதங்களையும் சேருங்கள். கும்பாபிஷேகப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை இவற்றில் இன்னார் நாகஸ்வரம், இன்னார் தவில் என்று அச்சிடும் வழக்கம் இந்தப் பக்கத்தில் நெடுநாளாக உண்டு. ஒரு கோயிலின் பழைய நோட்டீசுகள் கிடைத்தால் எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் மண்டகப்படி மேளம் என்ற வரலாறே கிடைத்துவிடும். திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. அங்கே வாசித்தவர்களின் வீடுகளில் நிகழ்ச்சி ஒப்பந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பார்கள், தேதியோடு. பழைய நோட்டீசில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ‘விபவ வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும். விபவ 1928-இலும் தொடங்கியது, 1988-இலும் தொடங்கியது. மாதத் தேதியோடு கிழமையும் நட்சத்திரமும் அச்சாகியிருக்கும். பஞ்சாங்கத்தில் ஒப்பிட்டால் எது என்று தெரிந்துவிடும்.

புறப்பாட்டில் ஒலிப்பதிவு

நாகஸ்வரத்தை மேடையில் உட்கார்த்தி வைத்துப் பதிவுசெய்வது சுலபம். ஆனால் அந்த வாத்தியத்தின் பெரும்பகுதி வாழ்க்கை நடந்துகொண்டே வாசிப்பது. சுவாமி புறப்படும்போது மல்லாரி. அதிலும் தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் இருக்கும். வீதி திரும்பும்போது ராகம் மாறும், எங்கே நின்று விரிவாக வாசிப்பது என்பதற்கு முறை உண்டு, பள்ளியறைக்கு நீலாம்பரி. ‘மல்லாரி, 6 நிமிடம்’ என்று எழுதி வைத்த ஒலிக்கோப்பினால் யாருக்கும் பயனில்லை. ‘கோபுர வாசல், இரவு 9.40, சுவாமி படி இறங்கும்போது தொடங்கி மேலவீதி முனை வரை’ என்று இருந்தால்தான் அது பதிவு.

கருவியைப் பற்றி: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள், முடிந்தால் 96. வேவ் கோப்பாகவே பதியுங்கள். எம்பி3 ஆக்குவது பிற்பாடு யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும். விரிந்த வாயான அனசுக்கு நேரெதிரே மைக்கை நீட்டினால் நாகஸ்வரம் உடைந்து கேட்கும். நாலைந்து அடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், தலை உயரத்தில் பிடித்துக்கொண்டு நடங்கள். தவிலில் வலந்தலைப் பக்கம் கூடு மாட்டிய விரல்கள் விழுகின்றன, தொப்பிப் பக்கம் கழி விழுகிறது. இரண்டும் வேறுவேறு ஒலி. ஒரு பக்கத்திலேயே நடந்தால் பாதித் தவில்தான் கிடைக்கும். இரண்டு பேர் இரண்டு கருவியோடு இருபுறமும் போவது நல்லது. ஒலி அளவைத் தவில் தீர்மானம் வைக்கும்போது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சத்தமாக அன்றிரவு எதுவும் வராது, வெடியைத் தவிர.

வாசித்து முடித்த பிறகு கேட்க வேண்டியவை பல. வாத்தியம் நீண்ட பாரியா, குட்டையான திமிரியா? சுருதி எத்தனை கட்டை? யார் செய்தது? ஆச்சா மரம் எந்தப் பழைய வீட்டிலிருந்து வந்தது? நாணல் சீவாளி யார் கட்டியது? நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரமும் நாணலும் கிடைப்பது எளிதாகிவிடவில்லை. ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் உழைப்பால் நீண்ட பாரி நாகஸ்வரம் நிலைபெற்றது. வாசிப்பவரை விட்டுவிட்டுச் செய்பவரை எழுத முடியாது, செய்பவரை விட்டுவிட்டு வாசிப்பவரையும் எழுத முடியாது. ஒத்து ஊதுகிறவர் இருக்கிறாரா, சுருதிப் பெட்டியா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். ஒத்துக்காரர் பெயரை எந்த நோட்டீசும் போடுவதில்லை.

பல கோயில்களில் இப்போது ஆராதனை நேரத்தில் மின்சார மேளம்தான் அடிக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. ஆனாலும் பதிவுசெய்யுங்கள். அது எந்த ஆண்டு வாங்கப்பட்டது, யார் உபயம், அதற்கு முன் அந்த நேரத்தில் வாசித்த குடும்பம் எங்கே போனது என்று கேளுங்கள். சுவிட்சுப் பலகைக்கு மேலே உபயதாரர் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள்.

ஓதுவாரிடம் பதிகம் பதியும்போது ஏட்டில் உள்ள பண்ணையும் அவர் பாடுகிற ராகத்தையும் இரண்டையுமே எழுதுங்கள். கௌசிகத்தைப் பைரவியிலும் மேகராகக் குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுவது வழக்கில் உள்ளது. அவர் வேறு ராகத்தில் பாடினால் திருத்தாதீர்கள். யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். ஊரை அலகாக வைத்துப் பதிவதன் பலன் இங்கேதான் கைக்குக் கிடைக்கிறது. ஓதுவாரின் நீலாம்பரி, பள்ளியறை நாகஸ்வரத்தின் நீலாம்பரி, அதே வீதியில் ஒரு பாட்டி தொட்டில் ஆட்டிக்கொண்டு பாடும் தாலாட்டு மூன்றையும் ஒரே ஊரிலிருந்து எடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். எது எதிலிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வரும் ஆய்வாளருக்கு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதே போதும்.

ஒப்பாரி, நடவு, தப்பு

ஒப்பாரியை யார் வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து பாடச் சொல்லாதீர்கள். விளக்கு எரியும் வீட்டில் ஒப்பாரி சொன்னால் ஆகாது என்பது பெண்களின் திடமான எண்ணம். பாடத் தெரியாது என்று உங்களிடம் சொல்பவர் வீட்டுக்குள் பாட மாட்டேன் என்றுதான் சொல்கிறார். வயல் வரப்பு, களத்துமேடு, ஊர்க் கோடி மரத்தடி என்று அவர்களே ஓர் இடம் சொல்வார்கள். சாவு வீட்டில் பதிவுசெய்வதானால் அந்த வீட்டாரின் அனுமதி இல்லாமல் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. அனுமதி தந்தாலும் பதினாறாம் நாளுக்குப் பிறகு போய், வைத்துக்கொள்ளலாமா என்று மறுபடியும் கேளுங்கள். துக்கத்தில் சொன்ன சரி வேறு, தெளிந்த பின் சொல்லும் சரி வேறு.

நடவுப் பாட்டுக்கு வயலில் ஆள் வேண்டும். இயந்திர நடவு வந்த ஊர்களில் பாட்டு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், பாடும் பொழுது இல்லை. அவர்களைத் திண்ணையில் உட்கார்த்திப் பாடச் சொன்னால் இரண்டு அடிக்கு மேல் வராது. மூன்று நான்கு பேரைச் சேர்த்து, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாட வாய்ப்பு உண்டாக்குங்கள். குனிந்து நாற்று முடிச்சைப் பிரிக்கிற கையின் வேகம்தான் அந்தப் பாட்டின் தாளம். குறிப்பில் ‘வேலையின்போது பாடியதல்ல, கேட்டுக்கொண்டதால் பாடியது’ என்று நேர்மையாக எழுதுங்கள். நாட்டுப்பாடல் தொகுப்புகள் பலவற்றில் இந்த ஒரு வரி இல்லாததால், படிப்பவருக்கு எது வயலில் கேட்டது, எது வீட்டுத் திண்ணையில் கேட்டது என்று தெரிவதில்லை.

தப்பாட்டத்தைப் பதியும்போது அடிகளின் பெயரைக் கேட்டு, ஒவ்வோர் அடியையும் தனியாகவும் வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். தோலை நெருப்பில் காய்ச்சும்போது அவ்வப்போது தட்டிப் பார்க்கும் ஒலியையும் விடாதீர்கள். சுருதி சேர்ப்பது அதுதான். சிண்டுக்குச்சி, அடிக்குச்சி எந்த மரம் என்று குறியுங்கள். நாகஸ்வரக்காரருக்கு ஊர், தகப்பனார் பெயர், குரு பெயர் எல்லாம் எழுதிவிட்டுப் பறை வாசித்தவர்களைத் ‘தப்பாட்டக் குழுவினர்’ என்று ஒரே சொல்லில் முடிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அது அநியாயம். எட்டுப் பேர் வாசித்தால் எட்டுப் பெயரும் வர வேண்டும், கற்றுக்கொடுத்தவர் பெயரும் வர வேண்டும். ஊர்வலத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள், எந்த வீதிக்குள் போகவில்லை என்பதையும் உள்ளபடி எழுதுங்கள்.

சில ஊர்களில் சாவுக்குப் பறை அடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதைக் கலையின் இழப்பு என்று எழுதாதீர்கள். அது தன்மானத்துக்காக எடுத்த முடிவு. அந்த முடிவின் வரலாறும் உங்கள் பதிவில் இடம்பெற வேண்டிய இசை வரலாறுதான். இன்னொரு முடிவையும் அப்படியே மதியுங்கள். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த பின், சதிர் ஆடிய சின்னமேளக் குடும்பங்கள் பல, வேறு ஊர் போய் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டன. பதம், ஜாவளி தெரிந்த ஒரு மூதாட்டி பாடவும் செய்வார், தன் பெயர் வேண்டாம் என்றும் சொல்வார். பெயரை விட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகளிடம் வேறு வழியாகப் போய்க் கேட்டுக் கண்டுபிடிப்பது கூடவே கூடாது.

தட்டும் நாடாவும்

78 சுற்று இசைத்தட்டு கிடைத்தால் எல்பி ஊசியை அதில் வைக்காதீர்கள். அந்த வரிப்பள்ளம் மூன்று மடங்கு அகலமானது. எல்பி ஊசி அடியில் உரசிக் கரகரப்பைத்தான் தரும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் தட்டே கரையும். செங்குத்தாக அடுக்கி வையுங்கள். லேபிளில் உள்ள எண்ணையும், நடுவில் ஊசி ஓடாத பகுதியில் பொறித்திருக்கும் எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். எந்தப் பதிவு என்பதைக் கண்டுபிடிக்க இரண்டாவது எண்தான் உதவும்.

வேகத்தில் கவனம் வேண்டும். ஆரம்பகாலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறும், தாளமும் விரையும். பழைய நாகஸ்வரத் தட்டைக் கேட்டுவிட்டு, வாசித்தது திமிரியா இடைபாரியா என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் இதனாலேயே தவறலாம். அந்தக் காலத்தவர் மின்னல் வேகத்தில் வாசித்தார்கள் என்ற பேச்சில் ஒரு பங்கு தட்டு சுழன்ற வேகத்துக்கு உரியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்றரை நிமிடம்தான். ஆலாபனை அத்தனை சுருக்கமாக இருப்பதற்குக் காரணம் பாணியா, தட்டா என்று யோசித்த பிறகே எழுதுங்கள்.

கேசட் கையில் வந்ததும் மேல் விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகாது. வீடுகளில் கிடக்கும் கல்யாண வீடியோ நாடாக்களை யாரும் இசை ஆவணமாக நினைப்பதில்லை. 1980-களின் மேளக் கச்சேரி பல மணி நேரம் அவற்றில்தான் இருக்கிறது. நாகூர் ஹனீபாவின் கேசட் இருக்கிற வீட்டில் மார்க்கப் பாட்டும் கட்சிப் பாட்டும் ஒரே பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டியைக் கலைக்காமல் அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டு பிறகு பட்டியல் போடுங்கள்.

இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாடல் எழுதியவரின் உரிமை அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள். ஒன்று முடிந்தாலும் மற்றொன்று மீதமிருக்கலாம். நீங்களே பதிந்ததற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்: காப்பகத்தில் மட்டுமா, இணையத்திலுமா, விற்பனைக்கா என்று தனித்தனியாகக் கேட்டு. படித்துக் காட்டி, அதற்கு அவர் தரும் பதிலையும் ஒலியாகப் பதியுங்கள். பணம் கொடுங்கள். வாசிப்பு அவர்களுக்குத் தொழில்.

குறிப்புத் தாள்

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டு, திருப்பதியம் பாட 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவரையும் கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நாளொன்றுக்கு முக்குறுணி நெல். இன்னொரு கல்வெட்டில், கோயில் ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு, பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பிடாரர்கள் என்ன மெட்டில் பாடினார்கள் என்பது மட்டும் கல்லில் இல்லை. நம் கேசட்டுகளில் மெட்டு இருக்கிறது, பெயர் இல்லை. அந்தக் கல்வெட்டுகளைப் படித்துவிட்டு உங்கள் குறிப்புத் தாளின் கட்டங்களைப் போடுங்கள்: பெயர், பிறந்த ஊர், வந்து சேர்ந்த ஊர், தெரு, கற்பித்தவர், பொழுது, கூலி. வகை என்று ஒரு கட்டம் வேண்டுமானால் கடைசியில் வைத்து, பாடியவர் தாமே சொல்லும் பெயரை அவர் சொன்னபடி எழுதுங்கள்.

உங்களுக்கு முன்னால் நடந்தவர்களையும் படியுங்கள். தஞ்சையில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தம் செலவில் இசை மாநாடுகள் கூட்டி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை அச்சிட்டார். மயிலாடுதுறைப் பக்கத்துத் திருச்சிற்றம்பலத்தில் இருந்துகொண்டு மு.அருணாசலம் இசைத்தமிழின் வரலாற்றையும் நாட்டுப்பாடல் தொகுப்பையும் எழுதினார். நாகஸ்வர, தவில் கலைஞர்களின் வரலாறுகளுக்கு பி.எம்.சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ இல்லாமல் வேலை நடக்காது. உ.வே.சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றி எழுதியதைப் படித்தால், ஒருவரைப் பற்றி விசாரிப்பது எப்படி என்பது தெரியும்.

கோப்புகளை மூன்று பிரதிகளாக, அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கும்படி வையுங்கள். ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டுக்குக் கொடுங்கள், அவர்கள் போனில் ஓடும் வடிவத்தில், அச்சிட்ட குறிப்புத் தாளோடு. பெயர் தவறாக இருந்தால் அந்த வீட்டிலிருந்துதான் முதலில் போன் வரும்.

அடுத்த இயலுக்குப் போகுமுன் உங்கள் ஊரின் பொழுது அட்டவணையைப் போட்டு முடியுங்கள். அதில் அருகில் வருவது எந்த நாளோ, அதற்கு மூன்று நாள் முன்பே கருவி இல்லாமல் ஒருமுறை ஊருக்குப் போய், மேளக்காரர் வீட்டையும் ஓதுவாரையும் தப்புக் குழுவின் மூத்தவரையும் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.